ஏரிக்கு முந்தைய மலை

கொடைக்கானலின் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1845-ல்தான் பிள்ளையார் சுழி போடுகிறார்கள். மதுரைச் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் முதலில் சிறுமலையில் வீடு கட்டித் தங்கிப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பழனி மலைக்கு ஏறி 'சன்னிசைட்', 'ஷெல்டன்' என்று இரண்டு பங்களாக்களை எழுப்பினார்கள். அதன் பிறகு கதை வேகமாக நடக்கும். 1863-ல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்துக் கரை போட்டார், ஏரி வந்தது. 1867-ல் மேஜர் பார்ட்ரிட்ஜ் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸும் வாட்டிலும் கொண்டுவந்தார். 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் மலை விளிம்பில் நடைபாதை வெட்டினார். பிறகு கிளப், பள்ளிக்கூடம், சூரிய ஆய்வுக்கூடம், 1916-ல் போக்குவரத்துக்குத் திறந்துவிட்ட லாஸ் காட் சாலை.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது நகரத்தின் கதை. மலையின் கதை இதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது.

ஏரியிலிருந்து மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் போனால் காடு விலகிச் சரிவு திறக்கும். கீழே பூம்பாறை. ஊர் முழுக்க ஒரே இடத்தில் நெருங்கிக் கிடக்கும். ஒரு வீட்டுச் சுவரில் அடுத்த வீடு சாய்ந்து நிற்கும். சுற்றிலும் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிய வயல்கள், ஒன்றின் தோளில் ஒன்றாக, ஓடை வரைக்கும் இறங்கும். கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,900 மீட்டர். சுற்றுலாப் பயணிகள் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, மன்னவனூர் ஏரியைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அவர்கள் படம் எடுத்த அந்தப் படிகளை வெட்டியது எந்தத் துரையும் இல்லை. பொறியாளர் வரவில்லை, அரசாங்கப் பணம் வரவில்லை. வீட்டுக்கு நிலத்தை வீணாக்காமல் ஊரைச் சுருக்கி, மிச்சம் அத்தனையும் வயலுக்கு விட்ட ஒரு விவசாயக் கூட்டத்தின் கணக்கு அங்கே தெரிகிறது.

மேல்மலை என்று இந்தப் பகுதியைச் சொல்வார்கள். பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி, கூக்கால், கிளாவரை எல்லாம் மேல்மலை ஊர்கள். கிழக்கே சற்றுத் தாழ்வாக, காப்பியும் வாழையும் விளையும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் கீழ்மலை. இரண்டு பக்கமும் மனிதர் வாழ்ந்த தடம் மிகப் பழையது. செண்பகனூர் சேசு சபைக் குருமார்களான ஆங்கிலேட், நியூட்டன் ஆகிய இருவரும் இந்த மலைகளில் அலைந்து, பாறைப் பலகைகளை நிறுத்திக் கட்டிய கல்திட்டைகளை அளந்து எழுதினார்கள்; இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் அதைத் தனி நூலாகவே வெளியிட்டது. தாண்டிக்குடியில் பின்னால் பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு செய்தார். மலையடிவாரத்துப் பொதினியை ஆண்ட ஆவியர் குடியையும், மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனையும் தமிழ்ப் பாடநூல் படித்த எல்லோருக்கும் தெரியும். ஆளில்லாத மலையில் வெள்ளைக்காரர்கள் வந்து குடியேறினார்கள் என்கிற எண்ணம் எங்கிருந்து வந்ததோ, தெரியவில்லை.

வெள்ளைக்காரர்களே அப்படி எழுதவில்லை. மலையை முதன்முதலில் அளக்க வந்தவர் பி. எஸ். வார்டு. ஆண்டு 1821. வராககிரி, கண்ணந்தேவன் மலைகளைப் பற்றிய குறிப்பேடு அவருடையது. அவர் முகாம் போட்ட இடம் வெள்ளகவி. பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாகச் செங்குத்தாக ஏறும் ஒற்றையடிப் பாதையில் இருக்கும் ஊர். கொடைக்கானல் என்ற நகரம் கருவிலேயே இல்லாத அந்த நாளில் ஓர் அளவைக்காரர் தங்க இடமும் சோறும் கொடுக்க அங்கே ஊர் இருந்தது. வெள்ளகவிக்காரர்கள் தங்கள் ஊருக்குள் செருப்புப் போட்டு நடப்பதில்லை. வீட்டுக்கு வீடு கோயில் இருக்கிற ஊர், எல்லை தொட்டதுமே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். நேற்று வரை அரிசியும் சிலிண்டரும் குதிரை முதுகில்தான் ஏறின.

மேல்மலையின் பெருங்குடி குன்னுவர்கள். அவர்களுடைய மரபுச் செய்தி, தாராபுரம், காங்கேயம் பக்கத்திலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன்னால் மலையேறி வந்த வேளாளர்கள் தாங்கள் என்கிறது. பஞ்சமோ படையெடுப்போ விரட்டியிருக்க வேண்டும். கொங்குச் சமவெளி இரண்டுக்கும் பழகிய நிலம். 1868-ல் 'மதுரா கன்ட்ரி' எழுதிய ஜே. எச். நெல்சன், 1906-ல் மதுரை மாவட்டக் கெசட்டியர் எழுதிய டபிள்யூ. பிரான்சிஸ், 1909-ல் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் ஏழு தொகுதிகளில் தொகுத்த எட்கர் தர்ஸ்டன் என்று மூவருமே இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்துக்கொண்ட இடங்களும் உண்டு. ஆனாலும் எழுத்தில் கிடைப்பது அவ்வளவுதான்.

குன்னுவர் வந்தபோது மலை காலியாக இல்லை. பளியர் இருந்தார்கள்; தேனெடுத்து, கிழங்கு அகழ்ந்து, காட்டின் ஒவ்வொரு செடிக்கும் பெயர் தெரிந்து வைத்திருந்தவர்கள். புலையர் இருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் நிலத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு, முன்னால் இருந்த புலையரைத் தங்களுக்கு அடங்கிய உழைப்பாளிகளாக ஆக்கிக்கொண்டார்கள் என்று நெல்சன் பதிவு செய்கிறார். ஏறத்தாழ அடிமைகளைப் போல. இதைச் சொல்லாமல் படிவயலின் அழகை மட்டும் பேசக் கூடாது. அந்தப் படிகளுக்குக் கல் சுமந்த தோள்களில் புலையர் தோளும் உண்டு. பட்டாவில் அந்தப் பெயர் ஏறவில்லை.

நிலம் குடும்பத்தை விட்டுப் போய்விடக் கூடாது என்பதில் இந்த மலைக்காரர்களுக்கு இருந்த பிடிவாதத்துக்கு ஒரு சான்று நெல்சனிடம் இருக்கிறது. மேற்குப் பக்கத்துக் குன்னுவரிடையே, ஆண் வாரிசு இல்லாமல் சொத்து ஒரு பெண்ணுக்கு வரும் நிலை ஏற்பட்டால், அவளை வேறு வீட்டுக்குக் கட்டிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு சிறுவனுக்கோ, அல்லது அவள் தகப்பன் வீட்டின் ஒரு பகுதிக்கேயோ அவளைச் சடங்காக மணம் முடித்துவைப்பார்கள். அதன் பின் தன் குலத்தாருக்குள் அவள் விரும்பியவரோடு வாழலாம். பிறக்கும் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை, நிலம் அந்தப் பிள்ளைக்கு. ஆங்கிலேயர்கள் இதை வேடிக்கையாகக் குறித்துக்கொண்டார்கள். வேடிக்கை ஒன்றும் இல்லை. பாறையை உடைத்து ஒரு முழ அகலத்துக்கு மண் சேர்க்க மூன்று தலைமுறை உழைத்தவர்களுக்கு, அந்த மண் பக்கத்து ஊருக்குச் சீதனமாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பெண்ணை வெளியே அனுப்பாமல் நிலத்தை நிறுத்தினார்கள்; அதில் அந்தப் பெண்ணுக்கு மற்ற ஊர்ப் பெண்களுக்கு இல்லாத உரிமையும் கிடைத்தது, மற்ற ஊர்ப் பெண்களுக்கு இல்லாத கட்டும் விழுந்தது.

ஊர்த்தலைமைக்கு மன்னாடி என்று பெயர். அந்தப் பட்டம் இனத்தின் பெயரோடே ஒட்டிக்கொண்டுவிட்டது. தமிழ்நாட்டு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இன்றும் 'குன்னுவர் மன்னாடி' என்றுதான் இருக்கிறது. எல்லைக்கு அப்பால் கேரளத்தின் வட்டவடை, கோவிலூர் பக்கத்திலும் தமிழ் பேசும் மலைக் குடியானவர்கள், அங்கும் மன்னாடியார், அங்கும் ஊர்க்கூட்டம்.

படிவயலில் தனி மனிதனாக விவசாயம் செய்ய முடியாது. ஓடைத் தண்ணீர் மேல் வயலுக்கு வந்து, அங்கிருந்து அடுத்ததற்கு வடிந்து, கடைசி வயலுக்கு வர வேண்டும். மேலே இருப்பவர் மடையை அடைத்தால் கீழே இருப்பவரின் பயிர் கருகும். கீழே இருப்பவர் தன் கல்கட்டைச் சரியவிட்டால் ஒரு மழையில் மேல் வயலே சரிந்து இறங்கும். மாடு யாருடைய கொல்லையில் நுழைந்தது, புல்மேட்டில் யார் மந்தை எத்தனை நாள் மேய்ந்தது, கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு எவ்வளவு வரி என்று எல்லாவற்றுக்கும் பொதுவில் உட்கார்ந்து பேசியாக வேண்டும். மேல்மலை ஊர்களின் குணம் இந்தக் கட்டாயத்திலிருந்து பிறந்தது. வெளியாளிடம் வார்த்தை குறைவு, ஊருக்குள் வாய் அதிகம், கூட்டத்தில் முடிவானதைத் தனியாக மீறுவது பெரும் குற்றம்.

இதே கட்டாயம் உலகின் வேறொரு மூலையில் என்ன செய்தது என்று பார்த்தால் பூம்பாறையின் இழப்பு புரியும். சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், ஜெர்மன் பேசும் பக்கத்தில், டோர்பெல் என்று ஒரு மலைக்கிராமம். மிகச் சிறிய ஊராட்சி. அங்கும் சரிவு, அங்கும் நெருக்கிக் கட்டிய வீடுகள், சிறு சிறு வயல்கள், மலையுச்சியில் பொதுப் புல்வெளி, ஓடையிலிருந்து இழுத்த வாய்க்கால். 1483-ல் அந்த ஊர்க் குடியானவர்கள் கூடி, பொதுப் புல்வெளியை ஆளுவதற்கு ஒரு சங்கம் அமைத்து ஒப்பந்தம் எழுதினார்கள். 1517-ல் ஒரு விதி போட்டார்கள்: குளிர்காலம் முழுக்கத் தன் சொந்தத் தீவனத்தில் எத்தனை மாட்டை வைத்துக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் ஒருவர் கோடையில் பொதுப் புல்வெளிக்கு ஓட்டலாம். மீறினால் அபராதம், அபராதத்தில் பாதி, பிடித்துக்கொடுத்த ஊர் அலுவலருக்கு. காசு உள்ளவன் கோடைக்கு மட்டும் மாடு வாங்கி ஊர்ப் புல்லைத் தின்று தீர்க்கும் வழி அந்த ஒரே வரியில் அடைபட்டது.

அமெரிக்க மானிடவியலாளர் ராபர்ட் நெட்டிங் அந்த ஊர்க் காகிதங்களையும் தேவாலயப் பதிவேடுகளையும் படித்து 1981-ல் ஒரு நூல் எழுதினார். எலினோர் ஆஸ்ட்ரம் 1990-ல் அதைத் தன் ஆய்வில் முதல் வரிசை எடுத்துக்காட்டாக வைத்தார். பொதுச் சொத்தை அரசாங்கம் இல்லாமலும், தனியாருக்கு விற்காமலும் மக்களே காக்க முடியும் என்று காட்டியதற்காக 2009-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. இன்று உலகத்தின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் டோர்பெலைத் தெரிந்த ஒரு மாணவர் இருப்பார். பூம்பாறையில் அப்படி ஒரு விதி இருந்ததா? தண்ணீருக்கு எந்த முறை, புல்மேட்டுக்கு எந்தக் கணக்கு? கேட்டுச் சொல்ல மூத்தவர்கள் இருக்கிறார்கள், படித்துச் சொல்ல ஏடு இல்லை. டோர்பெல் அறிவில் பெரிய ஊர் அல்ல. அது எழுதி வைத்த ஊர், அவ்வளவுதான்.



பூம்பாறையில் எழுத்தின் இடத்தைக் கோயில் எடுத்துக்கொண்டது. குழந்தை வேலப்பர் ஊரின் நடுவில் இருக்கிறார். பழனி முருகனை நவபாஷாணத்தில் செய்த போகர், பழனிக்கும் பூம்பாறைக்கும் இடையிலான மலையில் இருந்து இந்த மூர்த்தியையும் செய்தார் என்பது மலைமக்களின் நம்பிக்கை. இது தசபாஷாணம் என்பார்கள். அருணகிரிநாதர் இங்கே வந்து படுத்திருந்தபோது ஓர் அரக்கி கொல்ல வந்தாள். முருகன் குழந்தையாக வந்து அவருடைய காவியை எடுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். தாயும் பிள்ளையும் என்று நினைத்து அரக்கி விலகிப் போனாள். பெயர் அப்படி வந்தது என்று சொல்வார்கள். இன்று கோயில் பழனி தண்டாயுதபாணி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. கொடைக்கானல் நகரத்துக் குறிஞ்சி ஆண்டவரும் அதே நிர்வாகம்தான். ஆனால் குறிஞ்சி ஆண்டவர் 1936-ல், ஆஸ்திரேலியாவில் பிறந்து இலங்கைத் தமிழரான பொன்னம்பலம் இராமநாதனை மணந்த லீலாவதி அம்மையார் எழுப்பியது. வேலப்பர் மேல்மலை மக்களின் குலச்சொத்து.

தைப்பூசத்தை ஒட்டி வரும் தேரோட்டத்தைப் பார்த்தால் ஊரின் புத்தி தெரியும். சமவெளித் தேருக்கு முன்னால் மட்டும் வடம் போதும். பூம்பாறைத் தெரு சரிவு. ஏற்றத்தில் இழுத்தாக வேண்டும், இறக்கத்தில் தேர் தானே ஓடிவிடும். அதனால் தேரின் முன்னாலும் வடம், பின்னாலும் வடம். முன்வடம் பிடித்தவர்கள் இழுக்க, பின்வடம் பிடித்தவர்கள் குதிகாலை ஊன்றி உடம்பைப் பின்னால் சாய்த்துத் தேரைப் பிடித்து நிறுத்திக்கொண்டே வருவார்கள். தெருமுனையில் இரண்டு கூட்டத்தின் வேலையும் மாறும். யாரும் உத்தரவு போடுவதில்லை, சத்தத்திலேயே தெரிந்துகொள்கிறார்கள். சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் ஜனம் வந்து குவியும். மேல்மலையின் பெண் பார்ப்பதும், கடன் தீர்ப்பதும், பகை முறிவதும் பெரும்பாலும் அந்தச் சில நாளில்தான்.

இனி பூண்டு. மேல்மலையைப் பற்றி எழுதிவிட்டுப் பூண்டைச் சொல்லாமல் போனால் எழுதியதே வீண்.

வருஷத்துக்கு இரண்டு முறை, மே வாக்கிலும் நவம்பர் வாக்கிலும், படிவயலில் பல் ஊன்றுவார்கள். ஊன்றுவதில் பெண்களின் கைதான் வேகம். குனிந்த இடுப்பு நிமிராமல் ஒரு விரல்கடை விட்டு ஒன்றாக வரிசை போகும். நவம்பரில் ஊன்றியதற்கு உறைபனி எதிரி. இரவு தெளிந்த வானமாக இருந்தால் காலையில் தாள் கருகியிருக்கும். காட்டெருமை இன்னொரு எதிரி. பிடுங்கியதும் தாளோடு சேர்த்துக் கட்டுக் கட்டாகக் கட்டுவார்கள். அந்தக் கட்டுகளை அப்படியே சந்தைக்கு அனுப்பிவிடுவதில்லை. அடுப்புக்கு மேலே பரணில், கூரைக் கழியில், தொங்கவிட்டுப் புகை போடுவார்கள். விறகுப் புகை நாள்கணக்கில் ஏறி மேல்தோல் பழுப்பேறும். உள்ளே ஈரம் வற்றி, பல் இறுகி, காரமும் வாசனையும் கூடும். இப்படிப் புகையேறிய பூண்டு ஓர் ஆண்டு வரை கெடாது. வீட்டில் சமையல் நடக்கும்போதே களஞ்சியம் பதமாகிவிடுகிறது. ஒரு வேலையில் இரண்டு காரியம் முடிக்கத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்த முறை இது. வெள்ளையும் வெளிர் மஞ்சளுமாக, ஒரு பூண்டு சராசரியாக 20 முதல் 30 கிராம். விதைக்கு என்று நல்ல கட்டுகளை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை மூட்டை கட்டுவார்கள்.

மூட்டை போகும் இடம் கொடைக்கானல் நகரம் அல்ல. பெரியகுளத்துக்குப் பக்கத்து வடுகபட்டி. பூண்டு வியாபாரம் என்றால் தென் தமிழ்நாட்டில் அந்த ஊர்தான். விலை அங்கே படியும், விதைப் பூண்டும் அங்கே கைமாறும். மலையில் ஒரு போக விளைச்சலின் லாப நஷ்டம் வடுகபட்டிக் கமிஷன் மண்டியில் ஒரு முற்பகலில் முடிவாகிவிடும். மேல்மலைக்காரர்களுக்கு நகரம் ஒரு வழித்தங்கல். அவர்களுடைய கண் எப்போதும் கீழே இருந்தது. தெற்கே பெரியகுளம், வடக்கே பழனி, மேற்கே கிளாவரை தாண்டிக் கோவிலூர், வட்டவடை. இந்த மூன்று திசைப் பாதைகளும் துரைமார்களின் சாலைக்கு மூத்தவை. பொதிமாடும் மட்டக்குதிரையும் நடந்து நடந்து போட்ட பாதைகள்.

மேற்குப் பாதையில் திருவிதாங்கூர் எல்லையாக ஏற்கெனவே இருந்த கோடு 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லையாக உறுதியானது. மொழிவழி மாநிலப் பிரிவினையில் தேவிகுளம், பீர்மேடு கேரளத்துக்குப் போயின. கிளாவரை தமிழ்நாட்டின் கடைசி ஊராக ஆயிற்று. அந்தப் பக்கம் வட்டவடையில் அதே பேச்சு, அதே படிவயல், அதே பூண்டு. அண்ணன் தமிழ்நாட்டிலும் தம்பி கேரளத்திலும் ரேஷன் கார்டு வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டானது இப்படித்தான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கேரளத்தின் காந்தளூர்-வட்டவடைப் பூண்டுக்கு 2022-ல் தனியாக ஒன்று கிடைத்தது. ஒரே மலைமரபின் பூண்டுக்கு இரண்டு மாநிலச் சான்றிதழ்.

மலையின் பழைய வாழ்க்கையை உண்மையில் நெருக்கியது கோடையில் வந்த துரைமார்கள் அல்ல. அவர்கள் ஏரியைச் சுற்றியே இருந்தார்கள். நெருக்கியது வனச் சட்டம். 1882-ன் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காடுகளும் புல்மேடுகளும் ஒவ்வொன்றாகக் காப்புக்காடு ஆயின. ஊர் மாடு மேய்ந்த மேடு சர்க்கார் மேடாயிற்று. சுதந்திரத்துக்குப் பின் அந்தப் புல்மேடுகளில் வாட்டிலும் பைனும் யூகலிப்டஸும் பெருவாரியாக நட்டார்கள், தோல் பதனிடும் தொழிலுக்கும் ஆலைகளுக்கும் மரம் வேண்டும் என்று. பஞ்சு மாதிரித் தண்ணீரை உறிஞ்சி வைத்து ஓடைக்கு விட்டுக்கொண்டிருந்த புல்வெளி, அந்நிய மரத்தின் நிழலில் செத்தது. ஓடையை நம்பிய படிவயல்களுக்கு அது நேரடியான அடி. அந்த மரங்களை வெட்டுவதற்கும் நடுவதற்கும் கூலியாட்களாக வந்தவர்களில், 1964-ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களும் உண்டு. குண்டுப்பட்டி போன்ற இடங்களில் குடியமர்ந்த அவர்களும் இன்று இந்த மலையின் மக்கள்தான். 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. மன்னவனூரில் 1965 முதல் மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது; ஆய்வுக்கூட ஆடுகள் மேயும் புல்வெளிதான் இப்போது சுற்றுலா விளம்பரத்தின் பச்சை.

பயிரும் மாறியது. உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாம் ஐரோப்பியர் காலத்தில் மலைக்கு வந்து, சாலையும் லாரியும் வந்த பின் வயலைப் பிடித்துக்கொண்டன. கீழ்மலையில் இதைவிடக் கொடுமையான கதை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உயிரான விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நோய் ஏறத்தாழத் துடைத்தெடுத்துவிட்டது. விருப்பாச்சிக்கு 2008-லும் பஞ்சாமிர்தத்துக்கு 2019-லும் புவிசார் குறியீடு கிடைத்தன. வாழை அந்தப் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

சுற்றுலா இப்போது நகரத்தைத் தாண்டி மேல்மலைக்குள் நுழைந்துவிட்டது. கொடைக்கானலுக்குள் வண்டிகளைக் கட்டுப்படுத்த 2024 மே 7 முதல் இ-பாஸ் கேட்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டிய அளவுக்கு நெரிசல். நகரத்தில் இடமில்லாதவர்கள் பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் வருகிறார்கள். நாலு தலைமுறை வயலாக இருந்த படியை விற்றால் ஒரு நாளில் கிடைக்கும் பணம், பூண்டு போட்டால் வாழ்நாள் முழுக்கக் கிடைக்காது. விற்பவர்களைக் குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. ஆனால் ஒரு படியில் விடுதி எழும்பினால் அதற்குக் கீழே இருக்கும் அத்தனை படிக்கும் தண்ணீர் வழி மாறுகிறது. அதைப் பேசித் தீர்க்க முன்பு மன்னாடியின் கூட்டம் இருந்தது. இன்று 1994-ன் ஊராட்சிச் சட்டப்படி கிராமசபை இருக்கிறது. கூட்டம் நடக்கிறது, தீர்மானம் பதிவாகிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் படிவயல் என்று ஒரு சொல் இல்லை. எந்த மடை யாருக்கு முந்தி, எந்த மேடு ஊருக்குப் பொது என்பதற்குக் கிராமசபையிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை.

காகிதம் உண்டாக்க முடியும் என்பதற்குப் பூண்டே சாட்சி. புவிசார் குறியீடு வாங்க வேண்டுமானால் இந்தப் பொருள் இந்த மண்ணுக்கு உரியது, இத்தனை காலமாக இப்படித்தான் விளைகிறது என்று ஆதாரம் காட்ட வேண்டும். கொடைக்கானலிலேயே இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றமும் அந்த வேலையைச் செய்தன. ஊர் ஊராகப் போய், எப்போது ஊன்றுவீர்கள், எப்படிப் புகை போடுவீர்கள் என்று கேட்டு எழுதினால்தான் அப்படி ஒரு மனு நிற்கும். மேல்மலை விவசாயியின் அறிவு அரசாங்கக் கோப்பில் ஆதாரமாக ஏறியது அப்போதுதான்.

அதே வேலையை ஊருக்கும் செய்ய வேண்டும். மன்னாடி எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார், எந்த வழக்கை எப்படித் தீர்த்தார், தண்ணீர் முறை என்ன, புல்மேட்டுக் கணக்கு என்ன, தேர்வடம் எந்த வீட்டுக்காரர்கள் பிடிப்பது, புலையரும் பளியரும் தங்கள் பக்கத்திலிருந்து இதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் இன்னும் வாய்மொழியாக உயிரோடு இருக்கிறது. கேட்டால் சொல்லக்கூடியவர்களில் பலர் எண்பதைத் தாண்டியவர்கள். பல்கலைக்கழகத்து மாணவிகள் ஒரு விடுமுறைக்கு ஓர் ஊர் என்று எடுத்துக்கொண்டு ஒலிப்பதிவு செய்யலாம். மேல்மலையில் பிறந்து படித்து மதுரையிலும் கோவையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் தைத் தேருக்கு ஊர் வரும்போது தங்கள் தாத்தா பாட்டியிடமிருந்தே தொடங்கலாம். எழுதியதைக் கிராமசபையில் வாசித்து, திருத்தி, ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பிரதியும் வேலப்பர் கோயிலில் ஒரு பிரதியும் வைக்கச் சொல்லி மேல்மலை ஊராட்சிகள் தீர்மானம் போட வேண்டும். அடுத்த தைத் தேருக்குள் முதல் ஊரையாவது தொடங்கிவிட வேண்டும்.